கனம் குறைந்த கல்

பெட்டியின் மூடியில் ஒரு துளை.
அதன் வழியே உள்ளே விழுந்தவை
வெட்டிய வெள்ளித் துண்டுகள், நசுங்கிய வளையல்,
யாரோ ஒருத்தியின் ஒற்றைக் காதணி.
உருக்கி, நிறுத்து, பையில் கட்டி,
முடிச்சின் மேல் களிமண் அப்பி
முத்திரை பதிப்பது என் வேலை.

அப்புறம் அந்தப் பை
மேஸ்திரி மிக்னேயாவின் கைக்குப் போகும்.
அதன்பிறகு அதைப் பற்றி
ஒருவரும் கேட்பதில்லை.

கேட்பதில்லை என்றால்
சத்தியமாய்க் கேட்பதில்லை.
முதல் மாதம் பன்னிரண்டு ஓட்டுச்சில்லுகளைக்
கழுவிக் காயவைத்து உட்கார்ந்திருந்தேன்,
மை கரைத்து, நாணற்குச்சி சீவி.
சுண்ணாம்புக்கு எவ்வளவு, தச்சனுக்கு எவ்வளவு,
லீபனோன் மரத்தை மலையேற்றிய கழுதைகளுக்கு எவ்வளவு?
ஆசாரியன் கையசைத்தான்.
"விடு. உண்மையாய் வேலை செய்கிறவர்கள்."
மை காய்ந்து
கிண்ணத்தில் தோலாய் உரிந்தது.

நான் சந்தைக்காரன் பேரன்.
தேன் எடுத்தவன் புறங்கையை நக்குவான் என்பதைப்
பால்குடி மறக்குமுன் கற்றவன்.
என் மடியில் எப்போதும் இரண்டு கற்கள்.
ஒன்று சேக்கல்.
மற்றதும் சேக்கல்தான்,
அடியில் நாலு வாற்கோதுமை மணியளவு
யாரோ சுரண்டியிருப்பதைத் தவிர.
ஆலயத் தராசில் அதை வைத்ததில்லை.
(சொல்வதற்கு முன் ஒரு மூச்சு நின்றதே,
அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
என் பயமோ
கனம் குறைந்ததால் வந்தது.

எங்கே நக்குகிறார்கள் என்று பார்க்கப் போனேன்.
தச்சன் ஹஷூம்
வளைந்த ஆணிகளைப் பொறுக்கி
கல்மேல் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தான்.
மதியம் வெங்காயமும் அப்பமும்.
ஒருவன் தூங்கினான்; எழுந்தபின்
விட்ட நேரத்தை இருட்டில் செதுக்கினான்.
மிக்னேயா என்னை ஒருமுறை பார்த்து
"தூசி கண்ணில் விழும், தள்ளி நில்" என்றான்.
அவ்வளவுதான்.

மழை பிடித்த மாதம்,
எருசலேம் விளக்கணைத்த பிறகு
கதவைத் தட்டினான்.
முழங்கால்வரை சேறு.
"வடக்குச் சுவரில், கீழிருந்து மூன்றாம் வரிசையில்
ஒரு கல் ஊமையாய் இருக்கிறது.
தட்டினேன். பேசவில்லை.
உள்ளே விரிசல். வைத்தது நான்."

"அதன்மேல் ஏழு வரிசை ஏறிவிட்டதே.
கேதுருப் பலகை வந்து மூடிவிடும்."
"மூடும்," என்றான்,
நான் தன் பக்கம் பேசியது போல.
"அதற்குள் பிரிக்கவேண்டும். ஒன்பது நாள்.
ஆட்களின் கூலி பையிலிருந்து போகட்டும்.
என்னுடையது வேண்டாம்."

"உன்னை யார் கேட்டார்கள்?"

வாசலிலேயே நின்றான். தாடியில் மழை.
"கேட்டால் ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம்.
கேட்காதபோது
எப்படித் தப்பிப்பது?"

பிரித்தார்கள்.
நான் போயிருக்கவேண்டியதில்லை; போனேன்.
ஊமைக் கல்லை நால்வர் கயிற்றில் இறக்கினார்கள்.
புதுக்கல் உட்கார்ந்தது,
ஒரு மூலை மட்டும் விரலளவு தாழ.
மட்டம் பார்த்தபடியே மிக்னேயா
திரும்பாமல் கை நீட்டினான்.
"ஒரு சில்லு கொடு, யாராவது."

அருகில் நின்றது நான்தான்.
மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

கொத்தனின் உள்ளங்கையும் தராசுதான்.
ஒருகணம் ஏந்தினான்.
அடியைத் திருப்பிப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
சுத்தியலால் இரண்டாய் உடைத்து
பாதியை இடுக்கில் செருகி அறைந்தான்.
மீதியைச் சாந்தோடு குழைத்துவிட்டான்.
என் வீட்டில் மூன்று தலைமுறை இருந்த கல்
முதல்முறையாகப் பாரம் சுமந்தது.

பிற்பாடு யாரோ அரண்மனைச் சுருளில்
ஒரே வரி எழுதினானாம்,
அவர்களிடம் கணக்குக் கேட்கப்படவில்லை என்று.
மிக்னேயா பெயர் அதில் இல்லை.
ஹஷூம் இல்லை. விரிசல் இல்லை. மழை இல்லை.

பன்னிரண்டு சில்லுகளில் ஒன்றில் நான் எழுதினேன்:
வடக்குச் சுவர். ஒரு கல் மாற்றப்பட்டது.
மற்றவை என் மனைவியின் ஜாடிகளுக்கு மூடி.

இப்போது மடியில் ஒரே கல்.
நடக்கும்போது
ஒரு பக்கமாய் இழுக்கிறது.